எம்ஜிபி கார்ல பெட்ரோல் முள்ளு கால் டேங்க் காட்டுது, ஆனா டேங்க் காலி

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பச்சி வச்சிருந்த 1969 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், அதான் கூரை மடக்குற பழைய இங்கிலீஷ் காரு, ரொம்ப வருஷமா வண்டிக் கொட்டகையிலயே நின்னுச்சு, போன வருஷம்தான் எஞ்சின் பிரிச்சு ஒயரிங் மாத்தி டேஷ்போர்டை கழட்டி பெயிண்ட் அடிச்சு ரோட்டுக்கு கொண்டு வந்தோம். வண்டி அருமையா ஓடுது. பெட்ரோல் முள்ளுதான் பிரச்சனை. டேங்க் ரொப்புனா F கோட்டையும் தாண்டி மேல போய் முட்டிக்கிட்டு நிக்குது. போன ஞாயித்துக்கிழமை புதுக்கோட்டை போயிட்டு திரும்புறப்ப கால் டேங்க் காட்டுதேன்னு நம்பி வந்தா திருமயம் கோட்டைய தாண்டுனதும் வண்டி நின்னு போச்சு. ஆத்தா கூட இருந்தாங்க, உச்சி வெயிலு, ஒரு தம்பி பைக்ல போய் கேன்ல வாங்கியாந்து ஊத்துனப்புறம்தான் வீடு வந்தோம். இன்னொண்ணு, ஐட்லிங்ல ரொம்ப நேரம் நின்னா முள்ளு லேசா இறங்குது, ஓட்டுனா மெல்ல ஏறுது. மெக்கானிக் டேங்க்ல இருக்கிற ஃப்ளோட் யூனிட் (பெட்ரோல் மட்டத்தை மிதவை வச்சு அளக்குறது) போச்சு, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்ங்கிறார். வாங்கிரலாமா?

தேவகோட்டை ராஸ்தா:
எங்க பழைய ஹெரால்டு கார்ல ஃப்ளோட் ஓட்டையாகி பெட்ரோல் உள்ள போய் முங்கிருச்சு, மாத்துனதும் சரியாச்சு. உங்களுக்கும் அதா இருக்கும் தம்பி.

கோட்டையூர் பழைய ஒயர்மேன்:
ஃப்ளோட் முங்குனா முள்ளு கீழதானே காட்டும், F தாண்டி எப்படிப் போகும்? தம்பி, ஒண்ணும் வாங்காதீங்க, பொறுங்க. ஐட்லிங்ல இறங்குது ஓட்டுனா ஏறுதுன்னு சொன்னீங்கல்ல, விஷயமே அதுலதான் இருக்கு. அந்த பெட்ரோல் கேஜ் உள்ள சூடாகி வளையிற தகடுலதான் முள்ளு நகருது, அதனாலதான் சாவி போட்டா மெதுவா ஏறும். பேட்டரி வோல்டேஜ் கூடக்கொறைய இருந்தா கணக்கு தப்பும்னுதான் நடுவுல ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வச்சிருக்கான், அது விட்டு விட்டு கரண்ட் குடுத்து சராசரியா 10 வோல்ட் ஆக்கும். அந்த ஸ்டெபிலைசர் டப்பாவோட உடம்புக்கு எர்த்து, அதாவது கார் பாடியோட இரும்புத் தொடர்பு, கிடைக்கணும். எர்த்து இல்லேன்னா உள்ள இருக்கிற காயில் சூடாகாது, கரண்டை வெட்டுற பாயிண்ட் பிரியாது, முழு வோல்டேஜும் அப்படியே கேஜுக்குப் போயிரும். ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்றப்ப 14 வோல்ட்டு, அப்ப முள்ளு எல்லா இடத்துலயும் கூடத்தான் காட்டும். நீங்க பெயிண்ட் அடிச்சேன்னு சொன்னதும் எனக்குப் பட்டுருச்சு, ஸ்டெபிலைசர் ஸ்க்ரூ போடுற எடத்துலயும் பெயிண்ட் ஏறியிருக்கும்.

டெஸ்ட் லேம்ப் ஒண்ணு எடுத்து ஸ்டெபிலைசர்ல கேஜுக்கு கரண்ட் போற I டெர்மினலுக்கும் பாடிக்கும் வச்சுப் பாருங்க, விட்டு விட்டு எரிஞ்சா ஸ்டெபிலைசர் வேலை செய்யுது, ஒரே சீரா எரிஞ்சா கட் ஆகலைன்னு அர்த்தம். டிஜிட்டல் மீட்டரை நம்பாதீங்க, நம்பர் குதிச்சுக்கிட்டே இருக்கும், பழைய முள்ளு மீட்டர்னா நல்லது.

தேவகோட்டை ராஸ்தா:
அண்ணே சொல்றது சரிதான், நான் அவசரப்பட்டுட்டேன். தம்பி, எதுக்கும் ஃப்ளோட் யூனிட்டையும் மீட்டர்ல ஓம்ஸ் (மின்தடை) வச்சுப் பாத்துருங்க, காலின்னா 240 கிட்ட, ஃபுல்லுன்னா 20-30 கிட்ட வரணும். பேட்டரி ஒயரை கழட்டிட்டு செய்யுங்க, பெட்ரோல் பக்கத்துல பொறி விழுந்தா அவ்வளவுதான். யூனிட்டை மட்டும் டேங்க் நிறைய இருக்கிறப்ப கழட்டிராதீங்க, அது டேங்க் பக்கவாட்டுல இருக்கு, எல்லாம் கொட்டிரும்.

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணே, இன்னைக்கு காலையில பாத்தேன். லேம்ப் சீரா எரிஞ்சுச்சு. கழட்டிப் பாத்தா நீங்க சொன்ன மாதிரியே ஸ்க்ரூவைச் சுத்தி கருப்பு பெயிண்ட்டு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு இரும்பு பளிச்சுன்னு தெரிய வச்சு மாட்டுனேன், கூடவே தனியா ஒரு எர்த்து ஒயரும் இழுத்துட்டேன். இப்ப லேம்ப் மினுக் மினுக்னு எரியுது. ஃப்ளோட் யூனிட்டும் நல்லா இருக்கு, ஓம்ஸ் ஒழுங்கா மாறுது. காரைக்குடி பங்க்ல ரொப்புனா முள்ளு சரியா F கோட்டுல நிக்குது, ரேஸ் பண்ணாலும் அசையல. ரொம்ப நன்றிண்ணே.

கோட்டையூர் பழைய ஒயர்மேன்:
சந்தோஷம் தம்பி. கீழ்ப்பக்கமும் ஒரு தடவை பாத்துருங்க. முள்ளு E தொடும்போது கேன்ல அஞ்சு லிட்டர் கூட வச்சுக்கிட்டு உங்க ஊரைச் சுத்தியே ஓட்டி, எத்தனை கிலோமீட்டர்ல நிக்குதுன்னு குறிச்சு வைங்க. அதுவரைக்கும் ஆத்தாவ கூட்டிக்கிட்டு தூரமாப் போகாதீங்க.