தார் ஷிங்கிள் கூரையில் கொப்புளம்: யாருக்காவது வந்திருக்கிறதா?

நுவரெலியாவில் ஒரு விடுமுறை பங்களாவைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு முதலாளி போன வருடம் தார் ஷிங்கிள், அதாவது தார் பூசிய கூரை வில்லை, போட்டார். மழைச் சத்தம் இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. இப்போது ஏணி வைத்துப் பார்த்தால், வெயில் விழும் பக்கமெல்லாம் வேர்க்குரு போலப் புடைப்பு. சிலது வெடித்தும் விட்டது. கூரைத் தண்ணீர் வழியும் பீலியில் கறுப்பு மணல். கூரை போட்ட மேஸ்திரி பாஸைக் கேட்டால் ஆலங்கட்டி மழை என்கிறார்.

—பண்டாரவளையிலிருந்து—

அண்ணே, அது ஆலங்கட்டி வேலை மாதிரித் தெரியவில்லை. ஆலங்கட்டி பட்ட இடத்தில் மணல் உள்ளே நசுங்கியிருக்கும், விரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்கும். பீலியின் தகரத்திலும் அடி தெரியும். கொப்புளம் வெடித்த குழிக்கு விளிம்பு செங்குத்தாக நிற்கும், அடியில் நார்ப்பாய் சேதமில்லாமல் இருக்கும்.

ஷிங்கிள் என்பது கண்ணாடி நார்ப்பாயில் தார் பூசி, மேலே கல்மணல் பதித்தது. செய்யும்போது உள்ளே சிக்கிய ஈரமோ வாயுவோ சூட்டில் விரிந்து தாரைத் தூக்குகிறது. பெரும்பாலும் முதல் ஓரிரு வருடத்திலேயே தலைகாட்டும். குளிர் ஊருக்கு எங்கே சூடு என்று கேட்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். மேகம் விலகிய பகலில் கறுப்புக் கூரையில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்!

எங்கள் வீட்டில் அதைக் கூட்டியது சீலிங்குக்கு மேலே அடைபட்ட சூடு. குளிருக்குப் பயந்து கூரை ஓரத்தை இடைவெளி இல்லாமல் பலகையால் அடைத்திருந்தோம். நம் பக்கம் எல்லாரும் செய்வதுதான். ஓரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி வைத்த பிறகு புதிதாக எழும்புவது குறைந்தது. பழையது அப்படியே இருக்கிறது, ஒழுகவில்லை.

—ஹட்டனிலிருந்து—

தயவுசெய்து ஊசியால் குத்த விடாதீர்கள். சித்தப்பா வீட்டில் குத்தி அமுக்கினார்கள்; மணல் உதிர்ந்து தார் வெயிலில் காய்ந்து வெடித்தது. மூடியிருப்பதைத் தொடவே வேண்டாம். வெடித்தது சின்னதென்றால் கூரைத் தார்ப் பசை தடவி, பீலியில் கிடக்கும் மணலையே தூவி அமுக்கலாம். பாய் தெரிந்தால் அந்த ஷிங்கிளை மாற்றத்தான் வேண்டும். அதையும் காலைக் குளிரில் செய்யுங்கள், வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழியும். அப்புறம், பாசி போக்குகிறேன் என்று பிரஷர் பம்ப் பிடித்தால் மிச்ச மணலும் போய்விடும்.

—நுவரெலியாவிலிருந்து—

சீலிங் மேலே ஏறிப் பார்த்தேன். குளியலறை ஆவிக் குழாய் வெளியே போகாமல் அங்கேயே முடிகிறது! ஷிங்கிளுக்கு அடியில் உள்ள பிளைவூட் இன்னும் ஊறவில்லை. முதலில் குழாயை வெளியே எடுக்கிறோம். ஓரப் பலகையில் துளை போட்டால் வௌவால் நுழையாமல் இருக்க என்ன வலை அடித்தீர்கள், பண்டாரவளை அக்கா?