டெல் நிடோ கார்டியோபிளீஜியா: ஃப்ரிட்ஜில் எத்தனை நாள்?

மருந்தக_மேசை:
இதய ஆபரேஷனில் இதயத்தை நிறுத்தி வைக்க ஏற்றும் கரைசல் இது. பிளாஸ்மா-லைட் ஏ (கால்சியம் இல்லாத உப்புக் கரைசல்) 1 லிட்டரில் 20% மானிட்டால் 16.3 மி.லி., 50% மெக்னீசியம் சல்ஃபேட் 4 மி.லி., பைகார்ப் (சோடியம் பைகார்பனேட்) 13 மி.ஈக். (மில்லிஈக்விவலென்ட்), பொட்டாசியம் குளோரைடு 26 மி.ஈக்., லிக்னோகெய்ன் 130 மி.கி. எல்லாம் லாமினார் ஹூடில் (வடிகட்டிய காற்று வீசும் மேசை) கலக்கிறோம். வாரத்துக்கு வேண்டியதை ஞாயிறே போட்டு வைக்கலாமா? பழைய சார்ட்டில் 9 நாள் என்றிருக்கிறது.

பம்ப்_பக்கம்:
அந்த 9 நாள், ஸ்டெரைல் மருந்து கலப்பதற்கான யுஎஸ்பி 797 விதியின் பழைய பதிப்பில் இருந்த மீடியம் ரிஸ்க் கணக்கு. 2023 நவம்பரில் அமலான பதிப்பில், கிளீன்ரூமுக்குள் (காற்றை வடிகட்டும் தனி அறை) கலந்து ஸ்டெரிலிட்டி டெஸ்ட் (கிருமி இல்லையென்ற சோதனை) செய்யாத பைக்கு ஃப்ரிட்ஜில் 10 நாள், வெளியே 4 நாள். ஹூட் சாதாரண அறையில் நின்றால் ஃப்ரிட்ஜில் 24 மணி, வெளியே 12 மணிதான். அமெரிக்க விதி, நமக்குச் சட்டமில்லை. ஆனாலும் ஹூட் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இது கிருமிக் கணக்கு மட்டும். லிக்னோகெய்னுக்குத் தனிக் கணக்கு. பிவிசி பையின் சுவர் வழியே கார்பன் டை ஆக்சைடு கசியக் கசிய பிஹெச் ஏறும், அதாவது காரத்தன்மை கூடும். லிக்னோகெய்னின் பிகேஏ (பாதி மருந்து மின்னேற்றமில்லாமல் இருக்கும் பிஹெச்) ஏறக்குறைய 7.9 என்பதால் மின்னேற்றமில்லாத பங்கு கூடி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். குளிரில் இது மெதுவாகிறது. அதனால் விதி 4 நாள் தந்தாலும் பையை வெளியே விடாதீர்கள். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம்.

ஆம்பூல்_கணக்கு:
நாள் கணக்கைவிட அளவில்தான் அதிகம் சறுக்கும். இங்கே கிடைக்கும் பைகார்ப் பெரும்பாலும் 7.5%; 13 மி.ஈக்.-க்கு 14.6 மி.லி. வேண்டும், 13 மி.லி. என்பது 8.4%-க்கு. லிக்னோகெய்ன் 2% என்றால் 6.5 மி.லி., அதுவும் பாராபென் (பதப்படுத்தும் பொருள்) இல்லாத வயல். மெக்னீசியமும் பைகார்பும் ஒரே சிரிஞ்சில் சேர்ந்தால் வெள்ளையாகத் திரியும். பைகார்பைத் தனி சிரிஞ்சில் கடைசியாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பையைப் பலமுறை கவிழ்த்துக் குலுக்குங்கள், பொட்டாசியம் அடியில் தங்கும்.

மருந்தக_மேசை:
பிளாஸ்மா-லைட் தீர்ந்தால் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) போடலாமா?

பம்ப்_பக்கம்:
ஆர்எல்லில் கால்சியம் இருக்கிறது சார். பைகார்போடு நாள்கணக்கில் நின்றால் கால்சியம் கார்பனேட் படியலாம். ஃபார்முலாவும் மாறிவிடும், அதை சர்ஜன் முடிவு செய்யட்டும். பிளெஜிசால் என்ற ரெடிமேட் கார்டியோபிளீஜியா கரைசலிலும் கால்சியம் உண்டு, அதனால்தான் பைகார்பைக் கடைசி நேரத்தில் கலந்து 24 மணிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள்.

ஆம்பூல்_கணக்கு:
லேபிளில் தேதியோடு மணியும் எழுதுங்கள். ‘கார்டியோபிளீஜியா மட்டும், நரம்பில் ஏற்றாதே’ என்று சிவப்பில் வேண்டும், ஐவி பைகள் இருக்கும் தட்டில் வைக்கவே கூடாது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் ஸ்பைக் (குழாயின் கூர்முனை) குத்திய பை திரும்ப ஃப்ரிட்ஜுக்கு வரக் கூடாது.