புரோபாக்ஸ்: டேங்க் மெதுவாக நிரம்புகிறது, நாசில் அடிக்கடி கட் ஆகிறது

மோல்மீன்வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2006 டொயோட்டா புரோபாக்ஸ், 1500 சிசி, 50 லிட்டர் டேங்க். மழையில் தண்ணீர் கலந்த பெட்ரோல் போய்விட்டதால் போன மாதம் ஒரு பட்டறையில் டேங்கை இறக்கிக் கழுவி மாட்டினார்கள். அதிலிருந்து, பங்க்கில் லிவரை முழுசாக அழுத்தினால் இரண்டு மூன்று லிட்டரில் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. பாதி அழுத்திச் சொட்டுச் சொட்டாக விட்டால்தான் ஏறும். 30 லிட்டர் போடப் பத்து நிமிஷம், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்துக்குள் ‘களக் களக்’ சத்தம், சில நேரம் பெட்ரோல் எதிர்த்துத் துப்புகிறது. டேங்க் காலியாக இருந்தாலும் பாதி இருந்தாலும் ஒரே கதைதான். மூன்று பங்க் மாற்றிப் பார்த்தாயிற்று. ஓட்டத்தில் குறை இல்லை.

மூடியை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பெகுரோடு பட்டறை:

மூடியை வாங்காதீர்கள் தம்பி. பெட்ரோல் ஊற்றும்போது மூடி எங்கே இருக்கிறது? ஊற்றுகிற பையன் கையில். கழற்றி வைத்த மூடி எப்படி வழியை அடைக்கும்? மூடியில் உள்ள வால்வு கெட்டால் ஓடும்போது டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும். அது வேறு கோளாறு.

உங்கள் வண்டியில் பெட்ரோல் போகும் வழியை விட, காற்று வெளியே வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும். பங்க் நாசில் நிமிஷத்துக்கு 35–40 லிட்டர் தள்ளும். அத்தனை லிட்டர் காற்றும் அதே நிமிஷத்தில் டேங்கை விட்டு வெளியேற வேண்டும். அதற்காகவே பெட்ரோல் இறங்கும் தடித்த ஹோஸுக்குப் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு காற்று ஹோஸ், டேங்கின் மேல்பகுதியிலிருந்து கழுத்தின் வாய் வரை போகிறது. அது அடைபட்டால் காற்று பெட்ரோல் வருகிற வழியிலேயே எதிர்த்து ஏறும். களக் களக் சத்தமும் துப்பலும் அதனால்தான். குறுகிய வாய்ப் போத்தலைக் கவிழ்த்தால் வருகிற அதே சத்தம்.

நாசில் நிற்பதும் இதனால்தான். அதன் மூக்கு நுனியில் தீக்குச்சித் தலை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டையைப் பெட்ரோல் மூடினால் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு இழுபட்டு லிவரை விட்டுவிடும். நிரம்பியது டேங்கா, வெறும் கழுத்தா என்று நாசிலுக்குத் தெரியாது.

டேங்க் இறக்கி ஏற்றியதும் தொடங்கியது என்றால் பத்துக்கு எட்டு, காற்று ஹோஸ் டேங்குக்கும் பாடிக்கும் நடுவில் நசுங்கியிருக்கும் அல்லது முறுக்கிக்கொண்டிருக்கும். கீழே படுத்துப் பார்த்தால் தெரியாது, மேல்பக்கம்தான் மடிந்திருக்கும். கையை விட்டு நுனி முதல் நுனி வரை தடவிப் பாருங்கள்.

இன்செயின் 92:

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று. மடிப்பே இல்லாவிட்டாலும் ஹோஸ் நடுவில் தொங்கினால் இதே கோளாறு வரும். நீளமான ஹோஸை வெட்டாமல் அப்படியே மாட்டியிருப்பார்கள், வயிறு தள்ளித் தொங்கும். தெறிக்கிற பெட்ரோல் அந்தப் பள்ளத்தில் தேங்கி, கழிவறைக் குழாயின் வளைவில் தண்ணீர் நின்று காற்றை அடைப்பது போல அடைத்துக்கொள்ளும். டேங்கிலிருந்து கழுத்து வரை ஹோஸ் ஏறுமுகமாகவே போக வேண்டும், ஓர் இடத்திலும் இறங்கக் கூடாது.

போத்தல் பெட்ரோல் வாங்கிப் புனலில் ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு வருஷக்கணக்கில் தெரியாது. அந்த வேகத்துக்கு எந்த ஓட்டையும் போதும்.

மோல்மீன்வண்டி:

நன்றி அண்ணே. கம்ப்ரசர் காற்றை விட்டு ஊதிப் பார்க்கலாமா? பக்கத்து டயர் கடையில் இருக்கிறது.

பெகுரோடு பட்டறை:

கூடாது. டயர் கடைக் காற்று ஏழெட்டு பார் இருக்கும். டேங்க் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. தையல் விரியும், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் வால்வு பிய்ந்து போகும், பெட்ரோல் ஆவியும் வெளியே கிளம்பும். வாயால் ஊதவும் வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். டேங்கில் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, எஞ்சின் ஆறிய பிறகு, வெட்டவெளியில் நிறுத்தி பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். வெளிச்சத்துக்கு ஒயரில் தொங்கும் பல்பு வேண்டவே வேண்டாம், பகலிலேயே வேலையை முடியுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து இடது பின்சக்கரத்தைக் கழற்றினால், சக்கரக் கூட்டின் மட்கார்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கழுத்துக் குழாய் தெரியும். சகதி அப்பியிருந்தால் முதலில் கழுவிவிடுங்கள், கிளிப்பைத் தளர்த்தும்போது மண் உள்ளே விழக் கூடாது.

காற்று ஹோஸை இரண்டு நுனியிலும் கழற்றி எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முழு வட்டம் தெரிய வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் உள்சுவர் ஊதிவிட்டது. பிறகு கழுத்துப் பக்கத்து முனைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்துப் பாருங்கள், கம்பி வேண்டாம். இரும்புக் கழுத்து என்றால் காற்றுக்குழாயைப் பற்றவைத்த இடத்தில் துரு உதிர்ந்து அடைத்திருக்கும்.

டேங்க் பக்கத்துக்கு சைக்கிள் காலடிப் பம்ப் போதும். முனையில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி மெதுவாக நாலு தரம் அழுத்துங்கள். ஓர் அழுத்துக்கு அரை லிட்டர் காற்றுகூட வராது. உள்ளே நாற்பது லிட்டர் காலி இடம் இருப்பதால் காலில் எதிர்ப்பே தெரியக் கூடாது. முதல் அழுத்திலேயே முட்டினால் அடைப்பு டேங்குக்குள்.

ஐராவதிக்கரை:

குளவியையும் மறக்க வேண்டாம். டேங்கை இறக்கி இரண்டு நாள் வெளியே வைத்திருந்தால், மூடாத முனையில் மண் கூடு கட்டிவிடும். மழை விட்டதும் அதற்கு இதுதான் வேலை. கழற்றிய முனைகளில் துணி அடைத்து வைத்திருந்தால் அந்தத் துணியையே எடுக்க மறந்து மாட்டுவதும் உண்டு, சிரிக்காதீர்கள்.

இன்னொன்று, ஹோஸ் மாற்றினால் ‘ரப்பர் ஹோஸ் ஒரு மீட்டர்’ என்று கேட்காதீர்கள். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸைக் கொடுத்துவிடுவார்கள். அது ஈபிடிஎம் ரப்பர், தண்ணீருக்கு நல்லது, பெட்ரோல் பட்டால் உள்ளே ஊதும். இன்று சரியாகி மூன்று மாதத்தில் பழைய கதை திரும்பும். பெட்ரோல் ஹோஸ் என்று மேலே அச்சடித்ததைப் பார்த்து வாங்குங்கள். பழையதன் உள்விட்டம் எவ்வளவோ அதே அளவு. ஒரு மில்லிமீட்டர் சின்னதை இழுத்து மாட்டுவது இந்த ஹோஸுக்கு ஆகாது.

இன்செயின் 92:

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை, எல்லா வண்டிக்கும் பதில் ஒன்றல்ல. அமெரிக்க மார்க்கெட் கார்களில் 1998 மாடலிலிருந்து படிப்படியாக, ஊற்றும்போது வரும் ஆவியும் கரிக் கேனிஸ்டருக்குள் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பா) போகும்படி வைத்தார்கள். அதில் கேனிஸ்டர் நனைந்தாலோ அதன் காற்று வடிகட்டி தூசியில் அடைத்தாலோ நாசில் நிற்கும். நாசில் நின்ற பிறகும் ‘ரவுண்ட் காசுக்கு’ என்று இன்னும் இரண்டு லிட்டர் திணிப்பவர்கள்தான் கேனிஸ்டரை நனைக்கிறார்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டியில் அந்த ஏற்பாடு கட்டாயமாக்கப்படவில்லை. அதனால் புரோபாக்ஸில் முதலில் ஹோஸ், கேனிஸ்டர் கடைசி.

எப்போது நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். எப்போதும் முக்கால் டேங்கில் மட்டும் நின்றால் உள்ளே மிதக்கும் வால்வு சீக்கிரமே மேலேறி மூடிக்கொள்ளலாம், அல்லது பங்க் தரை சரிவாக இருக்கலாம். காலியிலிருந்தே நின்றால் ஹோஸ் அல்லது கழுத்து.

மோல்மீன்வண்டி:

கழற்றிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்திருக்கிறது! ஹோஸ் டேங்கின் மேல் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவில் தட்டையாகி, ரப்பரில் விளிம்பின் தடம் கோடு போட்டாற்போல் பதிந்திருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு ஜாண் தொங்கல். உள்ளே கால் டம்ளர் பெட்ரோல் தேங்கியிருந்தது. கால் பம்ப் முட்டவில்லை, கழுத்து முனையும் சுத்தம்.

தட்டையான இடத்தை வெட்டிவிட்டு மீதியை மாட்டலாமா?

பெகுரோடு பட்டறை:

வேண்டாம். தட்டையாகிக் கோடு விழுந்த ரப்பரை அப்படியே விட்டால் அதே இடத்தில் விரியும், வெட்டி நடுவில் இணைப்புப் போட்டால் இரண்டு கிளிப் கூடுதல், இரண்டு கசிவிடம் கூடுதல். புதுத் துண்டு போடுங்கள். டேங்கை இரண்டு விரல் தாழ்த்தி முதலில் மேல்முனையை மாட்டி, ஹோஸை விளிம்புக்கு வெளியே எடுத்து, பிறகு டேங்கைத் தூக்குங்கள். தூக்கும்போது ஒருவர் கை ஹோஸின் மேல் இருக்க வேண்டும். போன தடவை அந்தக் கைதான் இல்லாமல் போயிருக்கிறது.

முனையின் புடைப்பைத் தாண்டி ஹோஸ் ஒரு இஞ்ச் ஏற வேண்டும், கிளிப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். தடித்த ஹோஸின் கிளிப்பையும் அப்படியே பாருங்கள், ஒன்றைத் தொட்டால் பக்கத்ததும் தளரும்.

முதலில் 10 லிட்டர் முழு வேகத்தில் போடுங்கள். நிற்காமல் போனால் அப்புறம் நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, கழுத்தடியைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் டேங்க் நிறைந்தபோதுதான் காட்டும், கால்வாசியில் காட்டாது.

மோல்மீன்வண்டி:

புது ஹோஸ் போட்டாயிற்று. 38 லிட்டர் ஒரே மூச்சில் ஏறியது, 92 ஆக்டேன் பெட்ரோல்தான் போட்டேன். காகிதம் காய்ந்தே இருக்கிறது.