திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கறதுக்கு முன்னாடியே கரையுதாமே, எப்டிங்க?

மொட்டமாடி_காட்பாடி:
போன சனிக்கிழமை பசங்களோட காவலூர் வானாய்வகம் போயிருந்தோம். அங்க ஒருத்தர் பேசசொல்ல, பெரிய நட்சத்திரம்லாம் வெடிக்கறதுக்கு முன்னாடியே பாதி உடம்ப வெளிய தள்ளிடும்னு சொன்னார். அவ்ளோ ஈர்ப்பு இருக்கறது எப்டி தன் மேல இருக்கறத விடும்? கேக்கலாம்னா பின்னாடி கியூ, சின்னவன் வேற பசிக்குதுன்னு ஒரே அழுவ.

ஜவ்வாது_ராந்தல்:
எடைய மட்டும் பாக்காதீங்க சார், ஊதினதயும் பாருங்க. திருவாதிரைய சூரியன் இருக்கற எடத்துல வெச்சா செவ்வாய் பாதையே உள்ள போயிடும், அப்ப மேல்தோல்ல பிடிப்பு எங்க இருக்கும்? கல்யாண வீட்டு அண்டால ஒல கொதிக்கற மாதிரி உள்ளருந்து காஸ் குமிழ் குமிழா கெளம்புது, மேல வந்து ஆறினதும் தூசியாவுது, வெளிச்சம் தூசிய தள்ள, தூசி காஸையும் இழுத்துக்கினு போவுது. 2020 பிப்ரவரில அது பாதிக்கும் கீழ மங்கிச்சே, எங்க மாமா இதோ வெடிக்குது பாருன்னு தெனம் மாடி ஏறினாரு. கடைசில பாத்தா அது கக்கினதே தூசியாகி நம்ம பக்கம் மறைச்சிருக்கு.

ஆர்க்காட்டு_ஆந்தை:
அது செவப்பு நட்சத்திரம், நொடிக்கு பத்து இருபது கிலோமீட்டர்ல மெதுவா விடும். நீல நட்சத்திரத்துக்கு தூசியே வேணாம், அதோட புற ஊதா வெளிச்சமே காஸ நேரா தள்ளிடும், வேகம் 1000, 2000 கிலோமீட்டர். ஈட்டா கரீனான்னு ஒரு பெரிய நட்சத்திரம் 1840கள்ல பத்து சூரியன் எடைக்கு மேல கக்கிட்டு இன்னும் உசுரோட இருக்கு, ஏன் கக்குச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள சண்ட ஓயல. ஆனா எல்லாமே காத்துல போறதில்ல, ஜோடி நட்சத்திரம் பக்கத்துல இருந்தா அது பாதிய புடுங்கிக்கும். 2023 மே மாசம் எம்101 கேலக்ஸில ஒண்ணு வெடிச்சுதே, அது கடைசி சில வருஷத்துல விட்ட காஸ் சுத்தி நின்னுக்கினு இருந்துது, வெடிச்ச வெளிச்சம் பட்டதும் அது ஒளிர்ந்து காட்டிக் குடுத்துடுச்சு.

மொட்டமாடி_காட்பாடி:
ஓ, அப்ப தோல் உரிஞ்ச நட்சத்திரம் ஏதாச்சும் நம்மூர்லருந்து வெறுங்கண்ல தெரியுமா?

ஆர்க்காட்டு_ஆந்தை:
காமா வேலோரம். ஐட்ரஜன் தோல் மொத்தமும் போச்சு, இப்ப மிச்சம் ஒம்போது சூரியன் எடைதான். மார்ச்ல ராத்திரி ஒம்போது மணிக்கு தெக்கால பாருங்க, முப்பது டிகிரி ஒசரத்துல நிக்கும்.

மொட்டமாடி_காட்பாடி:
பேர்லயே வேலூர் மாதிரி இருக்கே 😄 தெக்கால பக்கத்து வீட்டு தண்ணி டேங்க் நிக்குது, அவங்க மாடிக்குதான் போவணும்.