அப்பாவின் ஸ்டுடியோ கேமராக்கள்: வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா?

சாத்தூர்க்காரி கேட்டது:

வணக்கம். அப்பா சாத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். இப்போது 74 வயது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், தை பிறப்பதற்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். பழைய கேமரா வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். "ரோல் கேமராவுக்கெல்லாம் இப்ப மதிப்பே கிடையாதும்மா" என்று மொத்தத்துக்கும் சேர்த்து நாலாயிரம் சொன்னார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு "குடுத்துரு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அந்த யாஷிகாவை வாங்க அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. எங்களைப் படிக்க வைத்ததும் அதே யாஷிகாதான்.

இருப்பவை: யாஷிகா மேட் 124ஜி. நிக்கான் எஃப்எம்2, கூடவே 50 எம்எம் 1.8 லென்ஸ். கேனான் ஏஇ-1, அதற்கு 50 எம்எம் 1.4. விவிடார் 283 ஃபிளாஷ் ஒரு ஜோடி. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர், அதில் ஈஎல்-நிக்கோர் லென்ஸ். படம் பிரிண்ட் போடும் இந்து புரோமைடு பேப்பர், பிரிக்காத பெட்டிகள். அப்புறம் ஒரு பீரோ நிறைய நெகட்டிவ். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு மட்டும் அந்த வியாபாரி கிலோ கணக்கில் தனி விலை சொன்னார். ஏன் என்று புரியவில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்பது இரண்டாம் பட்சம். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷட்டர் மெக்கானிக், திருச்சி:

தங்கச்சி, முதலில் அந்த நெகட்டிவை யாருக்கும் கொடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பதே வெள்ளிதான். அதைப் பிரித்தெடுக்கத்தான் கிலோவில் கேட்கிறார்கள், பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வாங்குவதும் இதற்குத்தான். கலர் நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி போய்விடும், சாயம் மட்டும் மிஞ்சும். அதனால்தான் அதை அவர் கேட்கவில்லை. உங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் தாத்தா பாட்டிக்கு வேறு படமே இருக்காது. இருக்கிற ஒன்று உங்கள் பீரோவில்தான் கிடக்கும்.

இனி கேமரா. யாஷிகாவின் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவது, பேட்டரியே வேண்டாம். வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும் பழைய 1.35 வோல்ட் மெர்க்குரி செல் வேண்டும், அது இப்போது வருவதில்லை. அதற்காக விலையைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேகத்தை 1 வினாடியில் வைத்து அமுக்கிப் பாருங்கள். உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் ஒரே சீராக வந்து 'டிக்' என்று முடிய வேண்டும். நடுவில் இழுத்தால் எண்ணெய் இறுகியிருக்கிறது என்று அர்த்தம், சர்வீஸ் செய்தால் சரியாகிவிடும். அப்புறம் அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் மூடாத பி-யில் திறந்து வைத்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை.

எஃப்எம்2-வும் அப்படித்தான். 1/4000 வரை பேட்டரி இல்லாமலே அடிக்கும். அதனால்தான் இன்றைக்கும் ஆட்கள் அதைத் தேடுகிறார்கள். ஏஇ-1 மட்டும் 6 வோல்ட் பேட்டரி போட்டால்தான் அசையும். அமுக்கும்போது 'கீச்' என்று கத்தினால் பயப்பட வேண்டாம், அந்த மாடலுக்கே உள்ள வியாதி அது. கண்ணாடி தூக்கும் பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

கோவை குறும்படக்காரன்:

அக்கா, கேனான் லென்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மதிப்பு விழுந்தது டிஜிட்டலால் இல்லை. ஃபிலிம் காலத்திலேயே, 1987-இல் கேனான் தன் மவுன்ட்டை, அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வாயை, ஈஓஎஸ் என்ற புது வகைக்கு மாற்றியது. உங்களுடையது பழைய எஃப்டி. அதற்கு லென்ஸ் மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரை 42 மிமீ தூரம் வேண்டும், ஈஓஎஸ்ஸில் 44 மிமீ. அந்த இரண்டு மிமீ-யால் புது பாடியில் மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. நல்ல லென்ஸெல்லாம் இத்தனை வருடம் சும்மா கிடந்தது இதனால்தான். உள்ளே பிம்பம் காட்டும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்கள் வந்ததும் நிலைமை தலைகீழ். சோனியில் அந்தத் தூரம் 18 மிமீதான், ஒரு வெறும் உலோக வளையம் போட்டால் போதும். நான் எடுக்கும் குறும்படங்களில் முகத்துக்கு நெருக்கமான ஷாட் எல்லாம் இதே 50 எம்எம் 1.4-இல்தான். தோலின் நிறம் இதில் வருவதுபோல் என் புது லென்ஸில் வரவில்லை. நல்லபடி இருந்தால் அந்த நாலாயிரத்தை இது ஒன்றே தாண்டும்.

நிக்கான் எஸ்எல்ஆர் மவுன்ட் 1959-இலிருந்து அதேதான். உங்கள் 50 எம்எம் டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் ஏறும், ஆனால் டி3000, டி5000 வரிசையில் மீட்டர் வேலை செய்யாது.

ஃபிளாஷை மட்டும் தயவுசெய்து எந்த டிஜிட்டல் கேமராவிலும் மாட்டிப் பார்க்காதீர்கள். பழைய 283-களில் சிலவற்றின் டிரிக்கர் வோல்டேஜ், அதாவது ஃபிளாஷ் அடிக்கும்போது கேமராவுக்குள் பாயும் மின்னழுத்தம், இருநூறுக்கும் மேல். கேமராவின் சர்க்யூட் போய்விடும். விற்றாலும் வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நீலகிரி வாசகன்:

இந்து பேப்பர் என்றதும் எழுதத் தோன்றியது. என் சித்தப்பா அதைத் தயாரித்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் அந்தப் பேப்பரில் பிரிண்ட் போடாதவர்கள் குறைவு. கலர் வந்தபோதே தள்ளாட ஆரம்பித்தது, இப்போது மூடியாகிவிட்டது. இனி ஒரு தாள்கூட வராது.

பெட்டியை வெளிச்சத்தில் பிரிக்க வேண்டாம். இத்தனை வருடப் பேப்பரில் பிரிண்ட் போட்டால் சாம்பல் பூத்துத்தான் வரும். ஆனால் இலை, பூவைத் தாளின்மேல் வைத்து வெயிலில் காய விட்டால், கழுவாமலே ஊதாவும் பழுப்புமாக உருவம் பதியும். நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் இதற்காகவே பழைய பேப்பர் தேடுகிறார்கள். உறை பிரிக்காத ஒரு பெட்டியையாவது வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாத்தூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். யாஷிகாவைக் கையில் வாங்கினார், 1-இல் வைத்தார், காதோடு ஒட்டி வைத்து அமுக்கினார். "ஒண்ணேகால் ஓடுது" என்றார். போனில் ஒலியைப் பதிவு செய்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. இதைச் சர்வீஸுக்கு அனுப்புகிறோம், விற்கவில்லை. எஃப்எம்2-வும் வீட்டில்தான் இருக்கும், என் மகள் கேட்கிறாள். ஏஇ-1-ஐ அந்த லென்ஸோடு கொடுக்கலாம், கோவைத் தம்பி விரும்பினால் அவருக்கே முதல் உரிமை. வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

நெகட்டிவ்கள் எண் போட்ட தாள் உறைகளில் இருக்கின்றன. எந்த எண் யாருடையது என்று அப்பா நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். இவ்வளவையும் எங்கிருந்து தொடங்குவது?

ஷட்டர் மெக்கானிக், திருச்சி:

நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் இன்றே படம் எடுத்துவிடுங்கள், அது போனால் உறைகளில் இருப்பது யார் என்றே தெரியாது. அப்புறம் உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அந்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதைத் தனிப் பெட்டியில் போட்டு, நெகட்டிவை டிஜிட்டல் கேமராவில் படம் பிடிக்கிற வேலையை அதிலிருந்தே தொடங்குங்கள். என்லார்ஜரின் ஈஎல்-நிக்கோரை விற்க வேண்டாம். மிரர்லெஸ்ஸில் பெல்லோஸோடு (நீட்டி மடக்கும் துருத்தி) மாட்டினால் நெகட்டிவைப் படம் பிடிக்க அருமையாக இருக்கும். நெகட்டிவைப் போட்டு வைக்க பிவிசி கவர் வாங்காதீர்கள், பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள்.