பீட்டா எச்.சி.ஜி 118லிருந்து 171: இந்த ஏற்றம் போதுமா?

கடைசி மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 31ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் பீட்டா எச்.சி.ஜி (கர்ப்ப ஹார்மோன்) 118. சரியாக 41 மணி நேரம் கழித்து 171. அதாவது 45% ஏற்றம். முதல் அளவு 1,500க்குக் கீழே இருந்தால் 48 மணி நேரத்தில் குறைந்தது 49% ஏறணும் என்பார்கள். இதே வேகத்தில் 48 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 54% வருகிறது, தப்பித்தோம் என்று தோன்றுகிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டும் வேறு வேறு லேப். டெஸ்ட் கிட் மாறினால் எண்ணும் மாறுமே, ஒப்பிடலாமா?

அளவை மாற்றிக் காட்டக்கூடிய எச்.சி.ஜி ஊசி போடவில்லை, பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரையும் இல்லை. வலி, ரத்தப்போக்கு இல்லை. இந்த அளவில் ஸ்கேனில் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பமா என்று பெரும்பாலும் சொல்லவும் முடியாது. இரண்டாவது லேபிலேயே 48 மணி நேரத்தில் மூன்றாவது டெஸ்ட் எடுக்கிறோம். கூடவே கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்ட்ரானும் பார்த்தால் பயனுண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.