இன்று யார் சீட்டு?

குழு: "நடப்போம்" (7 பேர்)

ஞாயிறு

நான் [இரவு 8:40]: 9 நாளாக இந்தக் குழுவில் ஒரு செய்தியும் இல்லை. கடைசியாக வந்தது தம்பி போட்ட 14,200 ஸ்டெப். அதற்குக் கீழே நான்கு கட்டைவிரல். அதோடு நின்றுவிட்டது. யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஏன் நிறுத்தினோம் என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

அண்ணன் [8:52]: நானே முதலில் சொல்கிறேன். இரவு வேலை வந்ததில் மூன்று நாள் விட்டுப்போனது. நாலாவது நாள் நடந்தேன், ஆனால் இங்கே போடவில்லை. இத்தனை நாள் எங்கே போனாய் என்று யாராவது கேட்பீர்களோ என்று கூச்சம். அப்புறம் நடப்பதும் நின்றுவிட்டது.

அம்மா [8:54]: நாங்கள் யாரப்பா கேட்கப் போகிறோம்?

அண்ணன் [8:55]: கேட்க மாட்டீர்கள் சித்தி, தெரியும். ஆனால் போனை எடுத்து எழுதப் போகும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

பெரியம்மா [9:05]: நான் ஒன்று சொன்னால் சின்னவன் வருத்தப்படக் கூடாது. அவன் பதினாலாயிரம் போடுகிறான். அதற்குக் கீழே நான் 2,300 என்று எப்படிப் போடுவேன்? முதல் வாரம் போட்டேன். அப்புறம் படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

தம்பி [9:06]: பெரியம்மா, எனக்கு இது தோன்றவே இல்லை. பார்த்தால் எல்லாருக்கும் உற்சாகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பெரியம்மா [9:08]: மன்னிக்க என்னடா இருக்கிறது? நீ நடந்தாய், போட்டாய். எனக்கு முட்டி வலி, அதுதான் விஷயம்.

அண்ணி [9:15]: அத்தை, பத்தாயிரம் ஸ்டெப் நடந்தால்தான் கணக்கு என்று எந்த மருத்துவரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. 1965-ல் ஜப்பானில் ஸ்டெப் எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே "மான்போ-கெய்", பத்தாயிரம் அடி அளவி என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த பெயர் உலகம் முழுக்கக் குறியாகிவிட்டது. என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களில் பாதிப் பேர் இந்த எண்ணைச் சொல்லித்தான் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள்.

அண்ணி [9:19]: இன்னொன்று. 2019-ல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்பவரின் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. 16,000-க்கும் மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 ஸ்டெப் நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 அளவில் அந்தப் பலன் சமமாகிவிட்டது. நடப்பவர்கள் முதலிலேயே நல்ல உடல்நிலையில் இருந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்தான். ஆனாலும் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கூட்டுவதுதான் எல்லாரையும்விட அதிகம் பலன் தரும். தம்பி 14,000-ஐ 16,000 ஆக்குவதில் அவ்வளவு இல்லை.

பெரியம்மா [9:24]: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா.

மாமா [9:31]: நான் மாறுபடுகிறேன். எனக்குப் போட்டிதான் வேலை செய்தது. சின்னவன் எண்ணைப் பார்த்துத்தான் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடியில் நடந்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 பேரை வைத்து 11 வாரம் பார்த்தார்கள். போட்டி வைத்த குழுக்கள் உடற்பயிற்சி வகுப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போயின. ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துங்கள் என்று சொல்லி விட்ட குழு, எதுவும் சொல்லாத குழுவைவிடக் கீழே போனது.

நான் [9:40]: அதைப் படித்திருக்கிறேன் மாமா. ஆதரவுக் குழு ஏன் சரிந்தது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் நம் குழுவையே சொன்ன மாதிரி இருக்கிறது. சும்மா இருப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள். ஒருவர் நிறுத்தியதும் அடுத்தவர் தளர்கிறார். போட்டியில் முன்னால் ஓடுபவர் கண்ணில் படுகிறார். ஆனால் அதே போட்டி பெரியம்மாவை வாய் மூட வைத்துவிட்டதே. ஏழு பேரில் ஒருவருக்கு நல்லது, ஒருவருக்குக் கெட்டது என்றால் நமக்கு வேறு ஏதாவது வேண்டும்.

நான் [9:52]: ஒரு யோசனை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வில் இருக்கும் குடும்பங்களை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள், 2017-ல் வெளிவந்தது. 94 குடும்பங்கள், 200 பேர். முதலில் அவரவர் வழக்கமாக எவ்வளவு நடக்கிறார் என்று அளந்தார்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி அவரவர் குறியை அவரவரே வைத்துக்கொண்டார்கள். வாரத் தொடக்கத்தில் குடும்பத்துக்கு 70 புள்ளி. தினமும் ஒருவர் பெயர் குலுக்கலில் வரும். அவர் நேற்று தன் குறியைத் தொட்டிருந்தால் புள்ளி அப்படியே இருக்கும். தொடவில்லை என்றால் குடும்பத்துக்கே 10 போகும்.

தம்பி [9:54]: நேற்றையதா? அப்படியென்றால் நாளை யார் பெயர் வரும் என்று இன்று யாருக்கும் தெரியாது.

நான் [9:55]: அதேதான்! அதனால் எல்லாரும் நடப்பார்கள். அந்த 12 வாரத்தில் விளையாடிய குடும்பங்கள் 53 சதவீத நாட்களில் குறியைத் தொட்டன. விளையாடாதவை 32 சதவீதம். விளையாட்டு முடிந்த பிறகு கொஞ்சம் இறங்கினாலும் மற்றவர்களுக்கு மேலேதான் இருந்தன. பெரியம்மாவின் குறியும் தம்பியின் குறியும் இதில் ஒரே எடை. அதுதான் எனக்குப் பிடித்தது.

மாமா [9:58]: என்னால் வீட்டுக்கே 10 போகும் என்றால் நான் படுக்க மாட்டேன். சரி, எனக்குச் சம்மதம்.

அண்ணன் [10:02]: ஒரு நிபந்தனை. முடியவில்லை என்றால் "இல்லை" என்று ஒரு சொல் எழுதினால் போதும். காரணம் கேட்கக் கூடாது. "பரவாயில்லை"யும் வேண்டாம்.

அண்ணி [10:04]: இவர் சொல்வது சரி. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஒரு ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரும் அளவுக்கு ஊற நடு அளவு 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை.

அம்மா [10:10]: அப்போ "இல்லை" என்று வந்தால் நாங்கள் என்ன எழுதுவது? ஒன்றும் எழுதாமல் விட்டால் அதுவும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமே.

நான் [10:12]: "சரி. அடுத்து எப்போது?" இது மட்டும் போதுமா அம்மா?

அம்மா [10:13]: போதும். நல்லா இருக்கு.

அடுத்த ஞாயிறு

தம்பி [மாலை 6:20]: ஒரு வாரம் அளந்தாகிவிட்டது. குறிகள்: நான் 12,000 (இறக்கிக்கொண்டேன், பரீட்சை வருகிறது). அம்மா 6,100. அக்கா 7,500. மாமா 8,000. அண்ணன், வேலை நாளில் 5,000. பெரியம்மா, தினமும் 18 நிமிடம்.

நான் [6:25]: பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் நிமிடம் என்றால், வீட்டுக்குள் நடக்கும்போது அவர் போன் மேசையிலேயே கிடக்கிறது. அது எண்ணாததை நாம் ஏன் எண்ண வேண்டும்? அண்ணி நடுவர், அதனால் சீட்டில் இல்லை. தம்பி, உன்னையும் சேர்த்து ஆறு சீட்டு எழுதி விட்டாயா?

தம்பி [6:26]: எழுதி டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தினமும் காலை 7 மணிக்கு எடுக்கிற வீடியோ போடுகிறேன், யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

அண்ணி [6:31]: வேகம் பற்றி ஒன்று. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிடம் என்று சொல்வது அந்த வேகத்தைத்தான். இன்றைக்கு அத்தனை முடியாதவர்கள் முடிந்ததிலிருந்து தொடங்கலாம், அதையும் அவர்களே சொல்கிறார்கள்.

செவ்வாய்

தம்பி [காலை 7:01]: இன்று மாமா சீட்டு.

மாமா [7:09]: இல்லை.

அம்மா [7:10]: சரி. அடுத்து எப்போது?

மாமா [7:16]: இன்று மாலை 6:30. மழை வந்தால் படிக்கட்டு.

தம்பி [7:17]: 60.

அண்ணன் [7:40]: மாமா அந்த ஒரு சொல்லை எழுதியது எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமா [மாலை 7:22]: படிக்கட்டுதான். 8,340.

வியாழன்

நான் [இரவு 9:10]: பெரியம்மா இன்று எதுவும் போடவில்லை. குழுவில் கூப்பிட மாட்டேன். நேரே போன் செய்கிறேன். இதையும் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்வோம்: 9 மணி வரை செய்தி வராதவரை யாராவது ஒருவர் தனியாகக் கூப்பிட வேண்டும். எல்லாரும் இங்கே பெயர் சொல்லிக் கேட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

நான் [9:34]: பேசினேன். நேற்று நடந்தபோதே வலது முட்டி வீங்கியிருக்கிறது. குடும்பத்துக்குப் புள்ளி போய்விடும் என்று இன்று காலையும் 10 நிமிடம் நடந்திருக்கிறார். எனக்கு இதைக் கேட்டதும் நெஞ்சு கனத்துவிட்டது. என் யோசனைதானே இது.

அண்ணி [9:37]: அத்தை, இன்றைக்கு நடை போதும். சிவந்து சூடாக இருக்கிறதா? காலை ஊன்ற முடிகிறதா?

பெரியம்மா [9:41]: சூடு இல்லை. ஊன்ற முடிகிறது. வீக்கம்தான்.

அண்ணி [9:45]: சரி, நாளை முழுக்க ஓய்வு. அதற்குள் இறங்கவில்லை என்றால், அல்லது வலி கூடினால், மருத்துவரிடம் போக வேண்டும், நானே கூட்டிப்போகிறேன். இறங்கினால் சனிக்கிழமை முதல் குறியை மாற்றுவோம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். 65-க்கு மேல் நடையோடு கால் பலமும் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் தேவை, அதனால் இதுவும் முழுக் கணக்குதான்.

தம்பி [9:48]: அக்கா, விதியில் சேர்த்துக்கொள்ளலாமா? வலி என்றால் அன்றைக்குச் சீட்டு டப்பாவில் இருக்காது. பெரியம்மா சீட்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

நான் [9:49]: நல்ல விதி. முதல் நாளே இதை யோசித்திருக்க வேண்டும்.

பெரியம்மா [9:58]: கூப்பிட்டாயே கண்ணு, அதுவே போதும். நானாக எழுதியிருக்க மாட்டேன்.

ஞாயிறு

தம்பி [காலை 7:02]: நேற்று பெரியம்மா சீட்டைத் திரும்பப் போட்டேன். இன்று அதுவே வந்திருக்கிறது, வீடியோ பாருங்கள்.

பெரியம்மா [7:20]: வீக்கம் வெள்ளி ராத்திரியே இறங்கிவிட்டது. நேற்றுக் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. மாலையில் ஐந்தாவது தடவை கைப்பிடியைத் தொடாமல் எழுந்தேன். எழுந்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணி [7:22]: அத்தை!! இன்றும் ஐந்துதான், ஆறு வேண்டாம்.

அம்மா [7:25]: அக்கா, நானும் இன்றிலிருந்து நாற்காலிப் பயிற்சி சேர்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் வீடியோ காலில் சேர்ந்தே செய்வோமா?

பெரியம்மா [7:26]: ஐந்து மணிக்குக் கூப்பிடு.

தம்பி [7:30]: 60 அப்படியே. வாரம் முடிந்தது. நாளை மறுபடி 70.

அண்ணன் [இரவு 8:55]: இன்றும் இரவு வேலை. இல்லை.

அம்மா [8:56]: சரி. அடுத்து எப்போது?

அண்ணன் [8:58]: காலை 7:15, வேலை முடிந்து வரும்போது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுகிறேன் சித்தி.